காஸ்ப்ளே பேச்சு: ஜப்பான் சொற்களா, அமெரிக்கச் சொற்களா?

கதை, திரை, விளையாட்டுப் பாத்திரங்களைப் போல வேடம் போடும் கலைதான் காஸ்ப்ளே. அதைச் செய்யலாம் என்று ஆசையோடு உள்ளே வரும் பலர் முதல் வாரத்திலேயே திணறுவது அங்கே புழங்கும் பேச்சில்தான். ஒருவர் "கான் கிரஞ்ச்ல இருக்கேன், டபிள்யூஐபி படம் அப்புறம் போடறேன்" என்பார். இன்னொருவர் "அடுத்த மாசம் அவாசே இருக்கு, ஒரு ரெய்யா குறையுது" என்பார். இருவரும் ஒரே கலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். முதலாமவர் பேசுவது 'கான்' எனப்படும் அமெரிக்க ரசிகர் மாநாடுகளில் வளர்ந்த மொழி, இரண்டாமவர் பேசுவது டோக்கியோவில் வளர்ந்த மொழி.

எதை முதலில் கற்றுக்கொள்வது என்று கேட்பவர்களுக்காக இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறேன். பல ஆண்டுகளாக இரண்டையும் கேட்டுப் பழகியதில் எனக்குத் தோன்றியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பானியச் சொற்கள் கேமராவைச் சுற்றி வளர்ந்தவை. அமெரிக்கச் சொற்கள் மேடையையும் பட்டறையையும் சுற்றி வளர்ந்தவை. இந்த ஒன்று பிடிபட்டால் மற்ற எல்லாச் சொற்களும் தானாக இடத்தில் போய் உட்காரும்.

இரண்டு பிறப்புகள்

வயதில் மூத்தது அமெரிக்க வழி. 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ரசிகர்களான ஃபாரஸ்ட் ஜே. அக்கர்மனும் மிர்ட்டில் டக்ளஸும் எதிர்கால மனிதர்களைப் போல உடுத்தி வந்தார்கள். இரண்டு உடைகளையும் தைத்தவர் டக்ளஸ். அக்கர்மனின் பெயர் தெரிந்த பலருக்கு ஊசி பிடித்தவரின் பெயர் தெரிவதில்லை. அதனால் புதியவர்களிடம் நான் அவர் பெயரைத்தான் முதலில் சொல்வேன். அந்த மாநாடுகளில் பின்னாளில் வழக்கமாகிவிட்ட மேடைப் போட்டிக்கு மாஸ்கரேட் என்று பெயர்.

'காஸ்ப்ளே' என்ற சொல்லைக் கொடுத்தது ஜப்பான். 1983-இல் நொபுயுகி தகஹாஷி 'மை அனிமே' இதழில் எழுதியபோது காஸ்ட்யூம், பிளே இரண்டையும் தலையை மட்டும் வெட்டி ஒட்டி 'கொசுப்புரே' ஆக்கினார். மாஸ்கரேடை நேராக ஜப்பானிய மொழிக்குக் கொண்டுபோனால் பிரபுக்கள் வீட்டு விருந்து போல ஒலித்தது என்பதுதான் காரணம். அந்தச் சொல்லே பிறகு அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது. இன்றும் அங்கே மூத்தவர்கள் சிலர் தங்களை 'காஸ்ட்யூமர்' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்.

வேடம் போடுபவர் ஜப்பானில் 'ரெய்யா'. 'கொசுப்புரெய்யா' என்பதன் வால்பகுதி அது. படம் எடுப்பவர் 'கமேகோ', அதாவது கேமராப் பையன். இதில் கொஞ்சம் இளக்காரம் ஒட்டியிருக்கிறது. முகத்துக்கு நேரே யாரையும் அப்படிக் கூப்பிடாதீர்கள், 'கேமராமேன்' என்பதே மரியாதை. ஆங்கிலத்தில் 'ஃபோட்டோக்' என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஒரே மாதிரி ஒலித்து வேறாக இருப்பவை

புதியவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. ஜப்பானிய 'தக்குகோஸ்' என்பதில் 'தக்கு' என்றால் வீடு. ஆங்கில 'க்ளாசெட் காஸ்ப்ளே'யில் வீட்டு அலமாரி இருக்கிறது. இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுவார்கள். தக்குகோஸ் என்றால் வீட்டிலேயே வேடம் போட்டு, வீட்டிலேயே படம் எடுத்துப் பகிர்வது. உடை எவ்வளவு விலை உயர்ந்ததாகவும் இருக்கலாம். க்ளாசெட் காஸ்ப்ளே என்றால் ஏற்கெனவே நம்மிடம் உள்ள துணிகளை வைத்தே பாத்திரத்தை உருவாக்குவது. அதைப் போட்டுக்கொண்டு தாராளமாக மாநாட்டுக்குப் போகலாம். ஒன்று இடத்தைச் சொல்கிறது, மற்றது துணியைச் சொல்கிறது.

க்ளாசெட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் 'டிஸ்னிபவுண்ட்'. 2011 வாக்கில் பரவிய சொல் இது. அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் 14 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் முழு வேடத்தில் வரக் கூடாது. அதனால் பாத்திரத்தின் நிறங்களை மட்டும் எடுத்துச் சாதாரண உடையில் கோத்து அணிகிறார்கள். கையில் பணம் குறைவாக உள்ள புதியவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. பாத்திரத்தை அடையாளம் காட்டுவது எந்த நிறம், எந்த ஒரு பொருள் என்று யோசிக்கக் கண்ணைப் பழக்கிவிடும்.

அடுத்து, உடையோடு எங்கே நடக்கலாம் என்பது. அமெரிக்காவில் 'ஹால் காஸ்ட்யூம்' என்றொரு சொல் உண்டு: மேடை ஏறாமல் மாநாட்டின் தாழ்வாரங்களில் உலாவுவதற்கான உடை. மாநாடுகள் பெரும்பாலும் ஹோட்டலிலும் அதை ஒட்டியும் நடப்பதால் அறையிலேயே வேடம் போட்டு இறங்கி வந்துவிடுவார்கள். டோக்கியோவில் 1975 முதல் நடக்கும் கொமிகெட் என்ற காமிக்ஸ் சந்தையில் அப்படி முடியாது. வேடத்தோடு வரவும் கூடாது, வேடத்தோடு வீட்டுக்குப் போகவும் கூடாது. உள்ளே உடை மாற்றும் அறையில்தான் மாற்ற வேண்டும். ஜப்பானியர் பேச்சில் உடை மாற்றும் அறை அவ்வளவு முறை வருவது இதனால்தான்.

'அவாசே' சுலபம். ஒரே கதையின் பாத்திரங்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு, நாள் குறித்துச் சேர்ந்து படம் எடுப்பது. ஆங்கிலத்தில் 'குரூப்'.

ராஜபார்ட், ஸ்திரீபார்ட்

ஒரு பெண் ஆண் சாமுராய் பாத்திரத்தை ஆணாகவே காட்டி நடித்தால் ஆங்கிலத்தில் 'கிராஸ்ப்ளே'. அதே பெண், அந்தச் சாமுராயே பெண்ணாகப் பிறந்திருந்தால் எப்படி இருப்பான் என்று யோசித்துப் பாவாடையும் பின்னலுமாக உடையை மாற்றி அமைத்தால் 'ஜெண்டர்பெண்ட்'. கிராஸ்ப்ளேயில் அணிபவர் மாறுகிறார், ஜெண்டர்பெண்டில் பாத்திரம் மாறுகிறது. இந்த வேறுபாட்டை மட்டும் கண்டிப்பாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போட்டி விண்ணப்பத்தில் மாற்றி எழுதிவிட்டால் நடுவர் தவறான மூலப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

ஜப்பானியம் இதில் இன்னும் நுணுக்கம். ஆண் உடைக்கு மாறுவது 'தான்சோ', பெண் உடைக்கு மாறுவது 'ஜொசோ', பாத்திரமே பெண்ணாக மாறுவது 'ந்யோதைக்கா'. கிராஸ்ப்ளே என்றால் கடந்து போகிறார் என்பது மட்டும் தெரியும், எந்தத் திசையில் என்று தெரியாது. தான்சோ என்றால் திசையும் தெரிந்துவிடும்.

இங்கே நான் ஜப்பான் பக்கம். நமக்கு அது பழகிய வழியும்கூட. நம் நாடகக் கம்பெனிகளில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் என்று போடும் வேடத்துக்குத்தான் பெயர் வைத்தார்கள். ஸ்திரீபார்ட் போட்டவர்களில் ஆண்கள் எத்தனையோ பேர். கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்திருக்கிறார். தான்சோவை ராஜபார்ட் என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், பிறகு மறக்காது.

கேமரா பக்கம்

படம் எடுப்பதற்கு ஜப்பானில் இருக்கும் சொல்வளம் ஆங்கிலத்தில் இல்லை. பலர் ஒரே ரெய்யாவைச் சுற்றி வளைத்து நின்று எடுப்பது 'கக்கோமி'. ரெய்யா ஒவ்வொரு பக்கமாகத் திரும்பி முகம் காட்டுவார், முடிக்கும் நேரம் வந்ததும் எண்களை உரக்க எண்ணி நிறுத்துவார்கள். வரிசையில் நின்று ஒவ்வொருவராக எடுப்பது 'ரெத்ஸு'. இரண்டில் எது என்பதைக் கூட்டத்தைப் பார்த்து முடிவுசெய்வார்கள். வெயிலில் கனமான உடையோடு நிற்பவரை எப்போது விடுவிப்பது என்பதற்கு இப்படி ஒரு முறை இருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். நம் ஊர் நிகழ்ச்சிகளிலும் இது வர வேண்டும்.

படத்தைத் திருத்துவது 'கக்கோ'. கன்னத்தின் ஓரத்தில் ஒட்டி, விக்குக்கு உள்ளே மறைத்து, கண்ணை மேலே இழுக்கும் நாடா 'டேப்பிங்'. இவையெல்லாம் படத்துக்கானவை. நாள் முழுக்க அந்த நாடாவோடு மாநாட்டில் சுற்றினால் தோல் சிவந்து எரியும்.

ஆங்கிலத்தில் இந்தப் பக்கத்தில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது 'டிஎஃப்பி' ஒன்றுதான். பணம் கைமாறாது, வேடம் போட்டவர் நேரம் தருகிறார், படம் எடுத்தவர் படங்களைத் தருகிறார். எத்தனை படம், எப்போது கிடைக்கும், யார் எங்கே வெளியிடலாம் என்பதை முன்பே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

பட்டறைப் பக்கம்

இங்கே நிலைமை தலைகீழ். 'ஜிசாக்கு' என்றால் தானே செய்தது, 'கிசெய்' என்றால் வாங்கியது. ஜப்பானியம் பெரும்பாலும் அதோடு நகர்ந்துவிடும். ஆங்கிலத்திலோ 'பில்ட்' (தானே செய்தது), 'கமிஷன்', 'பாட்' (வாங்கியது) என்று தொடங்கி அகராதி நீண்டுகொண்டே போகும். கமிஷன் என்றால் அளவு கொடுத்து வேறொருவரைச் செய்யச் சொல்வது. அது குறை இல்லை. ஆனால் கைவேலைக்கான போட்டியில் அதைத் தன் வேலை என்று காட்டக் கூடாது.

பொருள்களில் புதியவர் காதில் அதிகம் விழும் போட்டி ஈவா ஃபோமா, வோர்ப்லாவா என்பது. ஃபோம் என்பது மெத்தென்ற நுரைத் தாள், 2, 5, 10 மில்லிமீட்டர் எனப் பல தடிமனில் வரும். கத்தரிக்கோலும் கட்டர் கத்தியும் போதும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன் காட்டினால் மேற்புறத் துளைகள் அடைபட்டு, வளைத்த வடிவம் நிற்கும். ஒட்டுவதற்கு ஆங்கிலக் காணொளிகளில் 'கான்டாக்ட் சிமென்ட்' என்பார்கள். நம் ஊர்க் கடையில் அப்படிக் கேட்டால் விழிப்பார்கள், தச்சர்கள் மைக்கா ஒட்டும் எஸ்ஆர் பசை என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, பிறகு சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தில் சேர்த்தால் பிரிந்துவிடும்.

வோர்ப்லா சூட்டில் இளகும் பிளாஸ்டிக் தகடு. 90 டிகிரி செல்சியஸ் அளவில் மென்மையாகி, பசை இல்லாமலே தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். வெட்டி விழுந்த துண்டுகளையும் சூடாக்கிப் பிசைந்து அலங்காரமாக்கலாம், வீண் என்பதே இல்லை. ஆனால் விலை அதிகம். முதல் கவசத்துக்கு ஃபோம்தான் சரி. கிரீடம், நகை போன்ற நுணுக்கமானவற்றுக்கு வோர்ப்லா. முப்பரிமாண அச்சு என்று மூன்றாவது ஒன்று உண்டு. அதில் பிஎல்ஏ என்னும் இழையில் செய்த வாள் 60 டிகிரியிலேயே தளரத் தொடங்கும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் வைத்துவிட்டுப் போனால் வாள் அரிவாளாகிவிடும்.

இந்தப் பட்டறைப் பேச்சிலிருந்து வந்ததுதான் 'டபிள்யூஐபி', அதாவது வேலை நடந்துகொண்டிருக்கும்போது எடுத்த படம். வெறும் பெருமைக்காக அதைப் பகிர்கிறார்கள் என்று புதியவர்கள் நினைப்பதுண்டு. போட்டியில் நீங்களே செய்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. அந்தப் படங்களைத் தொகுத்து நடுவரிடம் கொடுப்பது 'பில்ட் புக்'. மேடைக்கு முன்பே நடுவர்கள் தையலைத் திருப்பிப் பார்ப்பது 'ப்ரீஜட்ஜிங்'. மாநாட்டுக்கு முந்தைய வாரத் தூக்கமில்லாத வேலை 'கான் கிரஞ்ச்'. அதன் பிறகு வரும் சளியும் காய்ச்சலும் 'கான் க்ரட்'. திரும்பி வந்து மனம் வெறுமையாகிக் கிடப்பது 'கான் டிராப்'.

1985-இல் தொடங்கிய சர்வதேச காஸ்ட்யூமர் சங்கத்தின் வழியில் போட்டியாளர்களை நாவிஸ், ஜர்னிமேன், மாஸ்டர் என்று பிரிப்பார்கள். நாவிஸில் நிற்பது கௌரவக் குறைவு ஆகாது. முதல் முறை போகிறவர் மாஸ்டரோடு மோத வேண்டியதில்லை என்பதற்காகவே அந்தப் பிரிவு. 'ஸ்கிரீன் அக்யுரேட்' என்றால் திரையில் உள்ளபடி அச்சு அசலாக இருப்பது. 1997-இல் தொடங்கிய 501-ஆவது லீஜியன் என்ற ஸ்டார் வார்ஸ் வேடக் குழு போன்றவற்றில் சேர அது நிபந்தனை. மற்ற இடங்களில் அதைப் பிடித்துக்கொண்டு ஒருவரைக் குறை சொல்வது முறையில்லை.

மேடை விதிகளில் 'பீனட் பட்டர் கூடாது' என்றால் குழம்ப வேண்டாம். 1972-இல் லாஸ் ஏஞ்சலஸ் மாநாட்டு மாஸ்கரேடில் ஒருவர் உடலெங்கும் வேர்க்கடலை வெண்ணெய் பூசி வந்தார். அது மற்றவர்களின் உடைகளிலும் ஒட்டிப் பாழாக்கியது. பிறரது உடையில் ஒட்டக்கூடிய எதுவும் வேண்டாம் என்பதே பொருள். 'பீஸ் பாண்டிங்' என்பதும் விதிதான். வாள் உறையிலிருந்து வெளியே வராதபடி கட்டிவிடுவது.

சம்மதம்

ஜப்பானியத்தில் 'முதான் சத்ஸுஎய்' என்றால் கேட்காமல் படம் எடுப்பது, தெளிவான தவறு. எடுக்கும் முன் குரல் கொடுத்துக் கேட்பதற்கே 'கொயெகாகெ' என்று பெயர் உண்டு. அமெரிக்கப் பக்கத்தில் 2014-இல் நியூயார்க் காமிக் கான் 'காஸ்ப்ளே இஸ் நாட் கன்சென்ட்' என்று பெரிய பலகைகள் வைத்தது. வேடம் போட்டிருப்பது சம்மதம் ஆகாது என்று பொருள். தொடுவது, பின்தொடர்வது, உடலைப் பற்றிப் பேசுவது எல்லாம் அதற்குள் அடங்கும். ஓடிவந்து பாய்ந்து கட்டிக்கொள்வதற்கு ஒருகாலத்தில் 'க்ளாம்ப்' என்று செல்லப்பெயர் இருந்தது. அந்தச் சொல் காதில் விழுந்தால் என்ன என்று தெரிந்திருக்கட்டும், செய்யாதீர்கள். ஜப்பானிய விதி கேமராவுக்கு மட்டும் கூர்மையானது, அமெரிக்கச் சொற்றொடர் ஆளையே காக்கிறது. இந்த ஒன்றில் தயக்கமில்லாமல் அமெரிக்கப் பக்கம் நிற்பேன்.

எதில் தொடங்குவது

இந்தியாவில் காமிக் கான் 2011-இல் டெல்லியில் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் சென்னைக்கும் வந்தது. மேடை, போட்டி, நடுவர் என்று அதன் அமைப்பு அமெரிக்க வழி. ஆகவே சென்னைக்குத் தயாராகிறவர்கள் பட்டறைச் சொற்களில் தொடங்குவதே சரி. படத்துக்காக மட்டும் வேடம் போட விரும்புகிறவர்களுக்கு ஜப்பானியச் சொற்கள் போதும், மேடையை மறந்துவிடலாம். நகோயாவில் 2003-இல் தொடங்கிய உலக காஸ்ப்ளே சம்மிட்டைக் கனவு காண்பவர்கள் இரண்டையும் கற்க வேண்டியிருக்கும். ஜப்பானில் நடந்தாலும் அங்கே இரண்டு பேர் சேர்ந்து மேடையில் நடிக்க வேண்டும், உடையும் அவர்களே செய்ததாக இருக்க வேண்டும்.

முதல் வேடம் அலமாரித் துணியில் இருக்கட்டும், ஃபோமில் ஒரே ஒரு பொருள் செய்யுங்கள். முதல் தாளை வெட்டும்போதே ஒரு படம் எடுத்து வையுங்கள். உங்கள் பில்ட் புக்கின் முதல் பக்கம் அது.