நீல ஃபியூஸைக் கழற்றிப் பச்சையை மாட்டினார்கள்: பைக்கில் எக்ஸ்ட்ரா லைட் போடப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஒரகடத்தில் நைட் ஷிப்ட் பார்ப்பவன் நான். ஷிப்ட் முடிந்து வாலாஜாபாத் ரோட்டில் வீடு திரும்பும்போது, என் 150 சிசி பைக்கில் கம்பெனி கொடுத்த 35 வாட் ஹாலஜன் பல்பு எதிரில் வரும் லாரி வெளிச்சத்தில் செத்துவிடும். ரோட்டில் படுத்திருக்கும் மாடு பக்கத்தில் போனால்தான் தெரியும். நல்ல லைட் போடலாம் என்று சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைப் பெயர் வேண்டாம். அங்கே நடந்ததை மட்டும் சொல்கிறேன். இதே வேலையைப் பல இடங்களில் செய்கிறார்கள்.

ஹெட்லைட்டுக்கு 100/90 வாட் பல்பு (ஹை பீமில் 100, லோ பீமில் 90), கீழே ஒரு ஜோடி எல்இடி ஃபாக் லைட், ரிலேவோடு தனி ஒயரிங், எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய் என்றார்கள். இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் இதைத் தாங்குமா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், ரிலே போட்டுட்டா வண்டிக்கு லோடே தெரியாது" என்றார் ஓனர்.

இதுதான் முதல் பொய். ஸ்விட்ச் வழியாகவும் பழைய மெல்லிய ஒயர் வழியாகவும் ஓட வேண்டிய கரண்டை ரிலே பேட்டரியிலிருந்து நேராகக் கொண்டுபோகும். ஸ்விட்ச் உருகாது, அவ்வளவுதான். பல்பு தின்கிற வாட் தின்கிறதுதான். 35 வாட் பல்புக்கு 3 ஆம்ப் போதும், 100 வாட்டுக்கு 8 ஆம்புக்கு மேல் வேண்டும். அதற்கும் மேல் ஒரு சிக்கல்: 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க ஸ்விட்சே கிடையாது. இன்ஜின் ஓடினால் லைட்டும் எரியும். பட்டப்பகலில் சிக்னலில் நிற்கும்போதுகூட அந்த லோடு இழுத்துக்கொண்டே இருக்கும். ஐடிலில் ஆல்டர்னேட்டர் கொடுப்பதோ சொற்பம். மேனுவலில் போட்டிருக்கும் வாட் எல்லாம் உயர்ந்த ஆர்பிஎம்முக்கான கணக்கு. மிச்சத்தைப் பேட்டரிதான் ஈடுகட்ட வேண்டும். என் வண்டியில் இருப்பது 5 ஏஹெச் (ஆம்ப்-மணி) பேட்டரி. 3 ஆம்ப் பற்றாக்குறை தொடர்ந்து இருந்தால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது.

கொஞ்ச நாளில் காலையில் செல்ஃப் முனக ஆரம்பித்தது. அதே கடைக்குப் போனேன். ஓனர் டெஸ்டரைக்கூடக் கையில் எடுக்கவில்லை. "பேட்டரி வீக் சார்" என்று புதுசு ஒன்றைத் தலையில் கட்டினார். அடுத்து ஹாரன் அடிக்கும்போது ஃபியூஸ் போக ஆரம்பித்தது. பையனிடம், "பெருசா ஒண்ணு மாட்டி வுடுடா" என்றார். அதற்கும் தனியாக 50 ரூபாய்.

ஒருநாள் விடியற்காலையில், வாலாஜாபாத்துக்குக் கொஞ்சம் முன்னால், பிளாஸ்டிக் கருகும் வாடை. ஹெட்லைட் அணைந்தது. டேங்க் பக்கம் ஒயரிலிருந்து புகை வந்தது. சாவியைத் திருப்பிவிட்டுச் சீட்டைக் கழற்றிப் பேட்டரி எர்த்தைப் பிடுங்கியதால் வண்டி மிஞ்சியது.

ஊரில் பழைய ஒயரிங்காரர் ஒருவர் இருக்கிறார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அவரிடம் விட்டேன். கறுப்பு டேப்பைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தவர் நிமிர்ந்து, "ரிலேன்னு சொன்னியேப்பா, எங்க இருக்கு?" என்றார். ரிலேயே இல்லை. ஃபாக் லைட்டை ஹெட்லைட் ஒயரிலேயே முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். சால்டரிங்கும் இல்லை, ஸ்லீவும் இல்லை. ஹெட்லைட் கப்ளர் (பல்பை ஒயரோடு இணைக்கும் பிளக்) உருகிப் பல்பின் முனைகளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பல்பும் என் வண்டி ஹோல்டருக்கு உரியது இல்லை. காதை அரத்தால் தேய்த்துத் திணித்திருந்தார்கள்.

பிறகு ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். கம்பெனி போட்ட 15 ஆம்ப் ஃபியூஸ் நீல நிறம். அங்கே இருந்தது பச்சை, 30 ஆம்ப். "ஒயருக்கு ஏத்ததுதான் ஃபியூஸு. இத மாட்டினா ஒயர் எரிஞ்ச பொறவுதான் ஃபியூஸ் போவும்" என்றார். கடையில் லைட் மாட்டியவர்கள் இதைப் படித்ததும் வண்டியில் ஃபியூஸ் மூடியைத் திறந்து நிறம் பாருங்கள். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. மூடியில் எழுதியிருக்கும் ஆம்பும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

டப்பாவில் 'ஜோடி 120 வாட்' என்று போட்டிருந்த ஃபாக் லைட்டை அந்த ஒயரிங்கார அண்ணன் மீட்டரில் வைத்துப் பார்த்தார். ஒன்றுக்கு 1.6 ஆம்ப், அதாவது சுமார் 20 வாட். அதிலும் ஏமாற்றுதான், ஆனால் இந்த ஒன்று என் பேட்டரிக்கு நல்லதாகப் போனது.

இப்போது ஹெட்லைட்டில் பழையபடி 35 வாட். ஃபாக் லைட்டுக்கு மட்டும் பேட்டரியிலிருந்து தனி லைன், பேட்டரியை ஒட்டியே 7.5 ஆம்ப் ஃபியூஸ், அப்புறம் ரிலேயில் 30 என்று எண் போட்ட முனை, அதன் 87-ம் முனையிலிருந்து லைட்டுக்கு. ரிலேயைத் தூண்டும் 86-ம் முனைக்கு சாவி போட்டால் கரண்ட் வரும் ஒயரிலிருந்து ஸ்விட்ச் வழியாகக் கொடுத்திருக்கிறார், 85 எர்த். வேலை முடிந்ததும் எல்லா லைட்டையும் போட்டு, பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, ஐடிலில் பேட்டரி முனையில் மீட்டர் வைத்தார். 13.3 வோல்ட். ஆக்சிலேட்டர் கொடுத்தால் 14.1. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்து காட்ட மறுக்கும் கடையில் காசு கொடுக்காதீர்கள். ஐடிலில் 12.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி தின்னப்படுகிறது என்று அர்த்தம், வேறு எந்த விளக்கமும் கேட்க வேண்டாம். டேப் சுற்றுவதற்கு முன்னால் ரிலேயைக் கண்ணால் பார்த்து ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒயரை வெட்டியிருப்பதால் வாரன்டி கிடையாது என்று சர்வீஸ் சென்டரில் கைவிரித்துவிட்டார்கள். ஒயரிங் செட் மாற்றிய செலவு என் பாக்கெட்டிலிருந்துதான். கடைக்காரர் கொடுத்த சீட்டில் ஜிஎஸ்டி எண் இல்லை, ஆனால் 'வித் ரிலே' என்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. அதை வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். போன வாரம் ஓனரே போன் செய்து, "புகாரை வாபஸ் வாங்குங்க சார், இன்னொரு ஜோடி லைட் ஃப்ரீயா மாட்டித் தரேன்" என்றார். லைட் வேண்டாம், 3,400 ரூபாயும் பேட்டரிக் காசும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.