காரைக்காலில் அடித்த மட்டராஸி ஜெர்சி: துணிக்கு முழு மார்க், நட்சத்திரத்தில்தான் பிரச்சினை

காரைக்கால் பாரதியார் சாலையில் ஜெர்சி அடித்துத் தருகிற ஒரு சின்னக் கடை. முன்பக்கம் ஷட்டில் பேட்டும் வலையும் தொங்கும், உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஹீட் பிரஸ் மிஷின், சுவர் முழுக்கச் சுற்றுவட்டார டீம்களுக்கு அடித்துக் கொடுத்த சாம்பிள். நான் கேட்டது 2006 கால்பந்து உலகக் கோப்பையில் இத்தாலி போட்ட நீல ஜெர்சி, முதுகில் அந்த டீமின் டிஃபெண்டர் மட்டராஸியின் பெயர், கீழே அவர் நம்பர் 23. கம்பெனி லோகோ வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், டூப்ளிகேட்டில் லோகோ வேறு எதற்கு. விலை 480 ரூபாய். ஐந்துக்கு நாலு கொடுக்கலாம்.

பெயரைக் கேட்டதும் கடைக்கார பாய் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "தம்பி, நம்ம ஊர்ல ஜிதான் 10 தான் ஓடும். இதப் போட்டுக்கிட்டு எங்க போகப் போறீங்க?" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஜிதான் பிரான்ஸ் கேப்டன், இது 1954 வரை பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர், பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கிற குடும்பங்கள் இன்றைக்கும் இருக்கின்றன, பாதிப் பேருக்குச் சொந்தக்காரர்கள் பாரிஸ் பக்கம். இத்தாலியும் பிரான்சும் மோதிய 2006 ஜூலை 9 பெர்லின் ஃபைனலை, நமக்கு நடுராத்திரி தாண்டிப் போன அந்த மேட்ச்சை, விழித்திருந்து பார்த்தவர்களுக்கு மட்டராஸி என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான்: ஜிதானைச் சீண்டிவிட்டு நெஞ்சில் முட்டு வாங்கியவன். கத்தாரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களிடம் கேட்டால் தோஹாவில் அதற்குச் சிலையே வைத்திருக்கிறார்கள் என்பார்கள், அதுவும் உண்மைதான்.

ஆனால் அந்த ஃபைனலில் அந்த ஆள் வேறு என்னென்ன செய்தார் என்று யாரும் பேசுவதில்லை, எனக்கு எரிச்சலே அங்கேதான். ஏழாவது நிமிஷம் பிரான்சுக்குப் பெனால்டி கிடைத்ததே மலூடாவை இவர் தடுத்ததால்தான், ஜிதான் அதைக் கோலாக்கினார். பத்தொன்பதாவது நிமிஷம் பிர்லோ எடுத்த கார்னரில் எகிறித் தலையால் அடித்து 1-1 ஆக்கியதும் இவரேதான். அப்புறம் பெனால்டி ஷூட்அவுட்டில் இரண்டாவதாகப் போய் உதைத்து உள்ளே போட்டார், இத்தாலி 5-3. ஒரு ஃபைனலின் இரண்டு கோலிலும் கையும் தலையும் வைத்த டிஃபெண்டர்! இத்தனைக்கும் அந்த உலகக் கோப்பையில் இவர் முதல் சாய்ஸே இல்லை. செக் குடியரசோடு ஆடும்போது இன்னொரு டிஃபெண்டர் நெஸ்டாவுக்கு அடிபட்டதால் உள்ளே வந்தார், வந்த கொஞ்ச நேரத்திலேயே ஹெட்டரில் கோல். அடுத்த மேட்ச்சில், ஆஸ்திரேலியாவோடு, சிவப்பு அட்டை. அவர் கேரியரே அப்படித்தான், நல்லதும் கெட்டதும் அடுத்தடுத்து வரும். முட்டு விவகாரத்தில்கூட ஃபிஃபா ஜிதானுக்கு மூன்று மேட்ச் தடை கொடுத்தது, வாயை விட்டதற்காக இவருக்கும் இரண்டு.

சரி, ஜெர்சிக்கு வருவோம். துணி திருப்பூர் டாட் நிட், மெல்லிசு, நம்ம வெயிலுக்கு ஒட்டாது, வியர்வை சீக்கிரம் காய்கிறது. நீலம் கொஞ்சம் வெளிர், ஒரிஜினல் இதைவிட அடர்த்தி. தங்க நிற நம்பர் அருமையாக உட்கார்ந்திருக்கிறது, ஓரம் எங்கும் பிரியவில்லை. இங்கிலீஷில் இரண்டு இசட் வருகிற பெயரை முதலில் ஒரே ஒரு இசட் போட்டு டிசைன் செய்திருந்தார்கள், பிரிண்ட் போவதற்கு முன் ஸ்கிரீனில் காட்டினார்கள் என்பதால் பிழைத்தது. நீங்கள் போனால் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், வாயால் சொல்லாதீர்கள்.

ஒரு மார்க் போனது எதற்கு என்றால், மார்பில் இருக்கிற சின்னத்தில் நான்கு நட்சத்திரம் அடித்துவிட்டார்கள். ஜெயித்த ஒரு உலகக் கோப்பைக்கு ஒரு நட்சத்திரம் என்பது கணக்கு. பெர்லினில் இறங்கியபோது இத்தாலியிடம் இருந்தது 1934, 1938, 1982 என்று மூன்று கோப்பைதான், நாலாவதை அன்றைக்கு ராத்திரிதானே வாங்கினார்கள்! பாயிடம் சொன்னேன். "நெட்ல இருந்து எடுத்த டிசைன் தம்பி, நாலு இருந்தா நல்லதுதானே" என்று சிரித்தார், ஆனால் ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டார். அதை யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை, எனக்குத்தான் உறுத்துகிறது.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பையன்தான் ஆச்சரியம். அவனுக்கு முட்டு விவகாரமெல்லாம் அரைகுறையாகத்தான் தெரியும், "அண்ணே, இவரு நம்ம சென்னையின் எஃப்சி கோச்சுல்ல?" என்றான். ஆமாம், முன்னாடி இருந்தார். நம்ம நாட்டு கால்பந்து லீக்கான ஐஎஸ்எல்லின் முதல் சீசனில், 2014-இல், ஆட்டக்காரராகவும் கோச்சாகவும் வந்தார், நெஸ்டாவையும் சென்னைக்குக் கூட்டி வந்தார். 2015-இல் சென்னை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தபோது நம்ம சொந்த மைதான செமி ஃபைனலைப் புனேயில் கொண்டுபோய் ஆடினோம், 3-0 ஜெயித்தோம். கோவாவில் நடந்த ஃபைனலில் எண்பத்தேழாவது நிமிஷம் கோவா 2-1 முந்தியது, கடைசி நேரத்தில் கோவாக்காரர்களே போட்டுக்கொண்ட ஒரு சேம் சைடு கோல், அதோடு நம்ம மெண்டோசா ஒன்று, கோப்பை நமக்கு. அந்தப் பையனுக்கு அதுதான் மட்டராஸி. இத்தாலி கிளப் பெருஜியாவில் 2000-01 சீசனில் ஒரு டிஃபெண்டராக இருந்துகொண்டு 12 லீக் கோல் அடித்து சாதனை வைத்தவர், இன்டர் மிலானோடு 2010 சாம்பியன்ஸ் லீக் ஜெயித்தவர் என்று நான் சொல்லச் சொல்ல, அவன் பாட்டுக்கு அடுத்த ஆர்டருக்கு மவுஸை உருட்டிக்கொண்டிருந்தான்.

துவைப்பது பற்றி ஒரு வார்த்தை. நம்ம பக்கம் போர் தண்ணீர் உப்பு, அதில் ஊறவைத்தால் பிரிண்ட் மொடமொடவென்று ஆகும். குழாய்த் தண்ணீரில் உள்பக்கத்தைத் திருப்பி அலசுங்கள், பிரிண்ட் மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே வைக்காதீர்கள். இரண்டு நாளில் தருகிறேன் என்பார், அதை நம்பி மேட்ச் தேதி வைக்க வேண்டாம், பொங்கல் டோர்னமெண்ட் சமயத்தில் இன்னும் இழுக்கும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் கடை மூடியிருக்கும், மூன்று மணிக்கு மேல் போங்கள். டீமாகப் பத்துப் பதினைந்து எடுத்தால் விலை இறங்கும், கேட்டால்தான் இறக்குவார்.