சாவி இல்லாத கொரிய வாசல்: டிஜிட்டல் கதவுப் பூட்டு
சியோல் அடுக்குமாடி வீடுகளில் சாவிக்கொத்தைப் பார்ப்பதே அரிது; எண்பலகைப் பூட்டுதான். சாத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும், குப்பை கொட்டப் போகிறவர் எண்ணை மறக்காதிருந்தால் சரி. பெரும்பாலும் 4 அல்லது 8 ஏஏ ஆல்கலைன் பேட்டரி. சார்ஜ் குறைந்தால் வழக்கமான ஒலி மாறும். உடனே எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழசும் புதுசும் கலந்தால் பேட்டரி ஒழுகக்கூடும். அடியோடு தீர்ந்து வெளியே மாட்டிக்கொண்டால், 9 வோல்ட் செவ்வக பேட்டரியை வெளிப்பலகையின் உலோகப் புள்ளிகளில் அழுத்திப் பிடித்தபடி எண்ணைத் தட்டலாம். விரல் தடத்தை வைத்து யாரும் ஊகிக்காமலிருக்க, பொய் எண்களைச் சேர்த்துத் தட்டும் வசதி பல மாடல்களில் உண்டு. அது இல்லாததை வாங்கவே வேண்டாம். கதவு தொய்ந்து பூட்டின் நாக்கு நிலையில் இடித்தால் மோட்டார் திணறும், பூட்டு விழாது. பூட்டைத் திட்டாமல் முதலில் கீலைப் பாருங்கள்.