வீட்டு சர்வருக்கு எந்தப் பெட்டி: ரேக் சர்வரா, என்100-ஆ, பழைய மினி பிசியா?

வீட்டில் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே பெட்டிக்குள் பல மெய்நிகர் கம்ப்யூட்டர்களை, அதாவது விஎம்களை, ஓட்டும் மென்பொருள்) ஓட்ட ஒரு பெட்டி வேண்டும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது என்று தேடினால் கடைசியில் மூன்று வகைகள் எதிரே வந்து நிற்கும். நிறுவனங்கள் கழித்துப்போட்ட ரேக் சர்வர், புதிய இன்டெல் என்100 மினி பிசி, ஏதோ ஓர் அலுவலக மேசையில் சில வருடம் உழைத்துவிட்டு வந்த பழைய மினி பிசி. நான் முதலில் ஆசைப்பட்டது ரேக் சர்வருக்குத்தான்.

ஆசைக்குக் காரணம் உண்டு. டெல் பவர்எட்ஜ் ஆர்720 என்பது 2012-இல் வந்த மாடல். ரேம் ஸ்லாட் மட்டுமே 24. இரண்டு ஜியான் இ5-2670 சிபியு போட்டிருந்தால் 16 கோர், 32 த்ரெட். மானிட்டர், கீபோர்டு எதுவும் மாட்டாமல் வேறு கம்ப்யூட்டரிலிருந்தே ஆன் செய்யலாம், பயாஸுக்குள் போகலாம். அதற்கென்று ஐடிராக் இருக்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்காரர் எனக்காக ஒன்றை ஆன் செய்து காட்டினார். மிக்ஸியை மூன்றாவது ஸ்பீடில் வைத்தது போல ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் தணிந்தது, ஆனால் நிற்கவில்லை. "இதெல்லாம் ஏசி ரூமுக்குள்ள இருக்க வேண்டியது சார்" என்று அவரே சொல்லிவிட்டார்.

சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கரண்ட் பில்லைப் பொறுக்க முடியாது. இரண்டு சிபியு, நாலைந்து டிஸ்க் என்றால் இது சும்மா இருக்கும்போதே 100 வாட்டுக்கு மேல் இழுக்கும். 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு 24 மணி நேரம், 60 நாள்: 173 யூனிட். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஓடுகிறது. கூட்டினால் 553. தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறுவதில்லை; 101 முதல் 200 வரை கிடைக்கும் குறைந்த ரேட்டும் போய்விடும். அங்கேயே ஆர்720-க்குக் கும்பிடு போட்டுவிட்டேன்.

என்100 அதற்கு நேர் எதிர். 2023-இல் வந்த சிப், 4 கோர், இன்டெல் சொல்லும் டிடிபி (லோடில் சிப் வெளியிடும் வெப்ப அளவு) 6 வாட். மொத்தப் பெட்டியும் 10 வாட் எடுத்தால் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட்டைச் சற்றே தாண்டும். விஎம்முக்கு ஒரு வன்பொருளை நேரடியாகக் கொடுக்க உதவும் விடி-டி இருக்கிறது. ஏவி1 வடிவ வீடியோவை டீகோட் செய்யும் என்பதால் ஜெல்லிஃபின் (வீட்டு வீடியோ சர்வர்) வைப்பவர்களுக்கு நல்லது. விளம்பரம் தடுக்கும் பை-ஹோல், வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட், ஜெல்லிஃபின் மட்டும் போதும் என்றால் மேலே தேடவே வேண்டாம்.

இடிப்பது ரேம். ஒரே சேனல், பெரும்பாலான பெட்டிகளில் ஒரே ஸ்லாட், இன்டெல் அதிகாரப்பூர்வமாகச் சொல்லும் உச்சம் 16 ஜிபி. 32 ஜிபி ஸ்டிக் போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் இன்டெல் அதற்குப் பொறுப்பேற்காது. எனக்கு வேண்டியது 4 ஜிபி வீதம் மூன்று குபர்னெட்டிஸ் நோடு (பல கம்ப்யூட்டர்களைச் சேர்த்துச் செயலிகளை ஓட்டும் குபர்னெட்டிஸுக்கான விஎம்), கூடவே ஒரு விண்டோஸ். நோடுகளே 12 ஜிபியை விழுங்கிவிடும். விண்டோஸை எங்கே உட்கார வைப்பது? வீட்டு சர்வரில் சிபியு பெரும்பாலும் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் இருக்கும். முதலில் தீர்ந்துபோவது ரேம்தான்.

அதனால் பழைய மினி பிசி. லெனோவோ திங்க்சென்டர் எம்720க்யூ, டெல் ஆப்டிபிளெக்ஸ் 7060 மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4 மினி மூன்றுமே ஐ5-8500டி-யோடு கிடைக்கும். 6 கோர், இரண்டு ரேம் ஸ்லாட். ஆளுக்கு 16 போட்டால் 32 ஜிபி. டிடிபி 35 வாட் என்று பார்த்துப் பயப்பட வேண்டாம், அது முழு லோடில். நான் வாங்கியது எம்720க்யூ. பிளக் மீட்டரில் பார்த்தேன்: ஐந்து விஎம் சும்மா இருக்கும்போது 13 வாட். இதில் ரைசர் (கார்டு மாட்டுவதற்கான இணைப்புப் பலகை) வாங்கிப் போட்டால் பிசிஐஇ நெட்வொர்க் கார்டும் மாட்டலாம், ஆனால் 2.5 அங்குல டிஸ்க்குக்கு இடம் போய்விடும். 3.5 அங்குல டிஸ்க் இந்த மூன்றிலுமே உள்ளே நுழையாது. நாஸும் (ஃபைல்களைச் சேமித்து வீடு முழுக்கப் பகிரும் பெட்டி) சேர்த்து வேண்டும் என்றால் இதே தலைமுறையில் கொஞ்சம் பெரிய எஸ்எஃப்எஃப் பெட்டியைப் பாருங்கள்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததால், விண்டோஸ் 11-க்குப் போக முடியாத 6, 7-ஆம் தலைமுறைப் பெட்டிகள் இன்னும் மலிவாக வருகின்றன. ப்ராக்ஸ்மாக்ஸுக்கு அது ஒரு குறையே இல்லை. ஆனாலும் அந்த ஐ5-களில் 4 கோர்தான். விலை வித்தியாசம் சிறிதென்றால் 8-ஆம் தலைமுறைக்கே போங்கள்.

வாங்கும்போது கடையிலேயே ஆன் செய்து பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து எஃப்1 அழுத்தினால் பாஸ்வேர்டு கேட்டது. விடி-டியை ஆன் செய்ய வழியில்லை. மறுநாள் திரும்பத் தூக்கிக்கொண்டு போய் வேறு பெட்டி மாற்றி வந்தேன். டெல் என்றால் ஒரிஜினல் அடாப்டர் இருக்கிறதா பாருங்கள். அடாப்டரை அடையாளம் தெரியாவிட்டால் சிபியு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது, அதனால் உள்ளேயே 16 ஜிபி இருக்கும் பெட்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் லாபம்தான்.

இன்னொன்று. ஸ்கிரீன் உடைந்த லேப்டாப் ஏதாவது வீட்டுப் பரணில் கிடந்தால், காசு செலவழிக்கும் முன் ஒரு மாதம் அதில் ஓட்டிப் பாருங்கள். கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் கழற்றிவிட்டு சார்ஜரிலேயே ஓட்டுங்கள்.