ஏர் ரைபிள் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: “லைசென்ஸ் வேண்டாம், ஆயிரம் எஃப்.பி.எஸ்.” என்றால் அங்கேயே நில்லுங்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பத்து மீட்டர் பயிற்சிக்கு ஏர் ரைபிள் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். புது வெளிநாட்டு மாடல் என்று 14,500 ரூபாய்க்கு விற்கப்பட்ட ஒரு பிரேக் பேரல் ஸ்பிரிங் துப்பாக்கியை (குழலை மடக்கி ஸ்பிரிங்கை இழுத்து, அது பிஸ்டனைத் தள்ளி அமுக்கும் காற்றால் சுடுவது) கழற்றிப் பார்த்ததில் தெரிந்ததைத்தான் எழுதுகிறோம். கடைப் பெயர் இதில் இல்லை. இதே வித்தை வேறு கடையிலும் நடக்கும் என்பதால் வித்தையைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

கடையில் சொன்னது: “அண்ணாச்சி, ஆயிரம் எஃப்.பி.எஸ். போகும், லைசென்ஸும் வேண்டாம்.” எஃப்.பி.எஸ். என்றால் குண்டு நொடிக்கு எத்தனை அடி போகிறது என்ற கணக்கு. இந்த இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியே இல்லை. 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் இல்லாமல் வாங்க வேண்டுமானால் குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, குண்டு வெளியேறும்போது ஆற்றல் 20 ஜூலைத் தாண்டக் கூடாது. கணக்கு எளிது: குண்டின் எடையைக் கிலோவில் எழுதி, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, பாதியாக்க வேண்டும். அரை கிராம் பெல்லட் (ஏர் ரைபிளில் போடும் சின்னக் குண்டு) ஆயிரம் எஃப்.பி.எஸ்.ஸில், அதாவது நொடிக்கு 305 மீட்டரில் போனால் 23 ஜூல் வந்துவிடும். அரை கிராமுக்கு 20 ஜூல் என்பது நொடிக்கு சுமார் 283 மீட்டரிலேயே முடிந்துவிடுகிறது. ஆக, கடைக்காரர் சொன்ன வேகம் பொய், இல்லையென்றால் அந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். பின்னது உண்மையானால் மாட்டிக்கொள்வது வாங்கியவர்தான்.

இங்கே வேகம்தான் பொய். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் வைத்துச் சுட்டபோது முதல் குண்டு நொடிக்கு 262 மீட்டர் காட்டியது. பத்தாவது குண்டுக்குள் 175க்கு இறங்கிவிட்டது. 17 ஜூலாகத் தொடங்கியது எட்டைக்கூடத் தொடாமல் நின்றது. ஏன் என்று குழலை மடக்கிப் பார்த்தால் தெரிகிறது. காற்று வரும் சின்னத் துளையில் காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்தால் நுனி கறுப்பாக, பிசுபிசுப்பாக வருகிறது. கருகிய தேங்காய் எண்ணெய் வாடை மூக்கில் ஏறுகிறது. விற்பதற்கு முன்பு காற்றை அமுக்கும் அறைக்குள் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். பிஸ்டன் பாய்ந்து காற்றை அமுக்கும்போது அது கடுமையாகச் சூடாகும், எண்ணெய் ஆவி பற்றிக்கொள்ளும், டீசல் எஞ்சினில் நடப்பதுபோலவே. அந்த வெடிப்பு குண்டை வேகமாகத் தள்ளிவிடும். கடையில் தகர டப்பாவைத் துளைத்துக் காட்டுவது இதை வைத்துத்தான். அதோடு பிஸ்டன் சீல் (காற்று கசியாமல் பிஸ்டனில் இருக்கும் அடைப்பு) கருகும், ஸ்பிரிங் நொறுங்கும். இந்தத் துப்பாக்கியில் சீலின் ஓரம் ஒரு பக்கம் உருகியிருந்தது, ஸ்பிரிங்கில் ஒரு சுற்று உடைந்து அடுத்த சுற்றோடு திருகிக் கிடந்தது. சுட்டபோது புகையோ எண்ணெய் கருகிய வாடையோ வந்தால், டப்பா எவ்வளவு அழகாகத் துளைந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

புதியதா என்பதை ஸ்டாக்கை, அதாவது தோளில் தாங்கும் கட்டையை, பிடித்திருக்கும் திருகுகளே சொல்லிவிடும். தலைப் பள்ளத்தில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய பளபளப்பு இருந்தால் யாரோ ஏற்கெனவே திறந்திருக்கிறார்கள். இங்கே மூன்று திருகும் அப்படித்தான். மேலே புதுப் பெயின்ட், உள்ளே பழைய துரு. நம் ஊர் உப்புக் காற்றுக்கும் இரண்டு பருவமழைக்கும் இரும்பு எப்படி ஆகும் என்று உங்களுக்கே தெரியும். குழல் வாயின் விளிம்பில் பஞ்சுக் குச்சியை உள்ளிருந்து வெளியே இழுத்துப் பாருங்கள். நார் சிக்கினால் விளிம்பில் பிசிறு இருக்கிறது, குண்டு நேராகப் போகாது.

அடுத்து, குழல் மடங்கும் மூட்டு. ஸ்பிரிங்கை இழுக்காத நிலையில், குண்டு போடாமல், மூடிய குழலை இடம் வலமாக அசைத்துப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் ஒவ்வொரு முறை மூடும்போதும் குறி இடம் மாறும். மூட்டில் காற்று கசியாமல் அடைக்கும் பிரீச் சீலைச் சோதிக்க மூட்டின் மேல் மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டு ஒன்றை வைத்து, குண்டு போட்டு, பின்னால் கெட்டியான தடுப்பு உள்ள இடத்தில் சுடச் சொல்லுங்கள். காகிதம் பறந்தால் காற்று கசிகிறது. குண்டில்லாமல் சுட்டுக் காட்டும் கடையை அப்போதே விட்டுவிடலாம். முன்னால் குண்டு தடுக்காததால் பிஸ்டன் மெத்தையில்லாமல் சுவரில் மோதும். அதுவும் சீலையும் ஸ்பிரிங்கையும் கொல்லும். இழுத்த குழல் திறந்திருக்கும்போது விசைப் பக்கம் யார் கையும் போகக் கூடாது. பெல்லட் வைக்கும் கையின் விரல் போய்விடும். குழலை மறு கையால் பிடித்துக்கொண்டேதான் குண்டு வைக்க வேண்டும்.

கடைசியாக, தாளில் சுட்டுப் பாருங்கள். பத்து மீட்டர், மணல் பையில் தாங்கல், தட்டைத் தலை பெல்லட், ஒரே டப்பாவிலிருந்து பத்து குண்டு. மூன்று குண்டு நெருக்கமாக விழுவது அதிர்ஷ்டமாக இருக்கலாம், பத்து அப்படி விழாது. பழகிய கை சுட்டால் நல்ல துப்பாக்கியின் பத்தையும் ஒரு ரூபாய் நாணயம் மூடிவிடும். நாம் சொல்லும் இந்தத் துப்பாக்கிக்கு உள்ளங்கை வேண்டியிருந்தது. தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று பெல்லட் டப்பாவில் போட்டிருக்கும். நல்ல துப்பாக்கியும் ஒரு அளவை விரும்பி இன்னொன்றைத் தள்ளும், அதனால் ஒரு அளவில் சரிவராவிட்டால் மற்றதையும் போட்டுப் பாருங்கள்.

“ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இலவசம்” என்பதில் மயங்க வேண்டாம். ஸ்பிரிங் துப்பாக்கி பின்னால் உதைத்த உடனே முன்னாலும் உதறும். அந்த இரண்டாவது உதறலுக்குச் சாதாரண ஸ்கோப்பின் உள் கண்ணாடி தாங்காது. ஏர்கன்னுக்கென்று செய்தது வேண்டும், ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடிக்கும் மவுன்ட்டில் பின்னால் நகராதபடி தடுக்கும் ஊசி வேண்டும். இவர்கள் 11 மில்லிமீட்டர் பள்ளத்தில் 20 மில்லிமீட்டர் மவுன்ட்டைத் தகரத் துண்டு சொருகி இறுக்கியிருந்தார்கள். இருபது குண்டில் ஸ்கோப் ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்துவிட்டது.

குரங்கு, மயில் விரட்ட என்று விற்கிறவர்கள் பேச்சையும் கேட்காதீர்கள். மயில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022 முதல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் உள்ளவை. அங்கே பறவைக்குக் குறிவைத்தால் வனத்துறை வழக்குதான்.

பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். மாடல், குழல் அளவு, தொடர் எண், ஜூல் கணக்கு, கடையின் உரிம எண் ஐந்தும் பில்லில் இருக்க வேண்டும். குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் சட்டத்தில் முறையற்ற வணிகம். பில்லில் கெடு போடாவிட்டால் முப்பது நாள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதுவரை துப்பாக்கியைக் கழற்றாமல், எண்ணெய் துடைக்காமல் அப்படியே வையுங்கள். கருகிய பிசுபிசுப்பும் தேய்ந்த திருகும்தான் உங்கள் சாட்சி.