ஐந்தாம் மாதத்தில் கிடைத்த துணை: தில்லைநகர்க் கைக்குழந்தை வகுப்பு

திருச்சி தில்லைநகரின் குறுக்குத் தெரு ஒன்றில், ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளக் கூடத்தில், கைக்குழந்தைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் சேர்த்து வாரம் இருமுறை ஒரு வகுப்பு நடக்கிறது. என் மகளுடன் சுமார் ஏழு மாதங்கள் அங்கே சென்றுவந்த பிறகு இதை எழுதுகிறேன். வகுப்பை நடத்துபவர் முப்பது ஆண்டுகள் இயன்முறை மருத்துவராகப் பணிபுரிந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா. கூடத்தில் பத்துக் குடும்பங்களுக்குத்தான் இடம் என்பதால் பெயரையும் முகவரியையும் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் கைக்குழந்தை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்கள்.

எனக்கு இது தலைப்பிரசவம். வழக்கப்படி புதுக்கோட்டையில் தாய்வீட்டில் இருந்தேன். அம்மா, பாட்டி, சித்தி, பிள்ளையைக் குளிப்பாட்ட வரும் ஆயா என்று வீடு நிறைய ஆட்கள் இருந்ததால், முதல் நான்கு மாதங்களில் பிள்ளை வளர்ப்பதை ஒருபோதும் தனியாள் வேலையாக நான் உணரவில்லை. ஐந்தாம் மாதத் தொடக்கத்தில் நல்ல நாள் பார்த்துத் திருச்சிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். கணவர் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்குத்தான் வருவார். அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் தளத்தில், பேச்சுக்குப் பேச்சு கொடுக்க ஓர் ஆள் இல்லாமல், பிள்ளையும் நானுமாக இருந்த அந்த முதல் இரண்டு வாரங்களை இன்று நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது. சட்டப்படி கிடைத்த 26 வார விடுப்போடு மூன்று மாத ஊதியமில்லா விடுப்பையும் சேர்த்து எடுத்திருந்தேன். அத்தனை நாளையும் இப்படியே எப்படிக் கடத்தப் போகிறேன் என்று மலைத்திருந்த வேளையில்தான் பக்கத்து வீட்டு அக்கா இந்த வகுப்பைப் பற்றிச் சொன்னார்.

இதற்கு முன் வேறோர் இடத்துக்கு ஒரே ஒரு நாள் போய்வந்திருந்தேன். அங்கே மூன்று மடங்கு கட்டணம் கேட்டார்கள். ஆறு மாதக் குழந்தைக்குக் கணக்கறிவு வரும், நினைவாற்றல் பெருகும் என்று சொல்லிப் பெரிய திரையில் படங்களை ஓடவிட்டார்கள். ஒரு வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல். தில்லைநகர்க் கூடத்தில் தொலைக்காட்சி இல்லை, கூச்சலிடும் பொம்மைகளும் இல்லை. கழுவித் துடைத்த சிவப்புத் தரை, அதன்மேல் கோரைப்பாய்கள், சுவரில் தரையை ஒட்டிப் பதித்த ஒரு நீளக் கண்ணாடி, மூலையில் உத்தரத்துக் கொக்கியில் தொங்கும் ஒரு சேலைத் தூளி, பால் கொடுக்கத் தாழ்ப்பாள் உள்ள ஒரு தனியறை, இவ்வளவுதான்.

முதல் கால் மணி நேரம் எண்ணெய் தேய்த்துவிடுவதற்கு. கை கால்களைச் சுண்டி இழுக்காமல், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாமல், உள்ளங்காலில் தொடங்கி மெல்ல மேலே வருவதை அந்த அம்மா ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து காட்டித் தருகிறார். ஆயினும் என் நினைவில் ஆழப் பதிந்தது, பிள்ளையைப் பார்த்துவிட்டு என் கையை அவர் பார்த்ததுதான். கட்டைவிரலின் அடிப்பக்கம், மணிக்கட்டில், பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் சுரீரென்று வலிப்பதைப் பால் கொடுக்கும் எல்லோருக்கும் வருவது என்று நானே தீர்மானித்துக்கொண்டு வெளியே சொல்லாமல் இருந்தேன். "ஏம்மா, பிள்ளையை அக்குளில் கைகொடுத்து, கட்டைவிரலை விரிச்சுத் தூக்குறியே, அதான் வலிக்குது" என்றார். ஒரு கையைப் பிட்டத்துக்கு அடியிலும் மறு கையைத் தோளுக்குப் பின்னாலும் கொடுத்து, உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபின் எழும்பச் சொல்லித் தந்தார். பத்துப் பதினைந்து நாளில் வலி பாதியாகக் குறைந்தது. அதுவரை எந்த மருத்துவமனையிலும் என் மணிக்கட்டைப் பற்றி யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அடுத்தது குப்புறப் படுக்க வைப்பது. இன்னும் தவழாத குழந்தைகள், விழித்திருக்கும் வேளைகளில் நாளொன்றுக்கு மொத்தம் 30 நிமிடங்களாவது வயிற்றின்மேல் படுத்திருக்க வேண்டும் என்பது மேலே சொன்ன அதே வழிகாட்டுதலில் உள்ளது. கழுத்தும் தோளும் முதுகும் பலப்படுவது அதனால்தான். தூங்கும்போது மட்டும் மல்லாந்துதான் படுக்க வேண்டும் என்பதை அந்த அம்மா ஒவ்வொரு வகுப்பிலும் நினைவூட்டுவார். என் மகளோ குப்புறப் போட்ட நொடியில் வீறிட்டு அழுபவள். அதற்கு அவர் சொன்ன வழி என் கணவருக்கு ஒரு வேலையைத் தந்தது. அவரை மல்லாந்து படுக்கச் சொல்லி, பிள்ளையை அவர் மார்பின்மேல் குப்புறக் கிடத்தினார். முகத்துக்கு எதிரே அப்பாவின் முகம் இருக்கவே, அழுவதா பார்ப்பதா என்று அவள் சற்றுத் தடுமாறிவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அன்றிலிருந்து அது இவர்கள் இருவருக்குமான மாலை விளையாட்டாயிற்று. இரவு எட்டு மணிக்கு அலுத்து வருபவர் குளித்துவிட்டு நேரே பாயில் படுத்துவிடுவார். இருவரும் ஒருவரையொருவர் முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் நான் என் சோற்றைச் சூடாகச் சாப்பிட்டேன்.

மூன்றாவது வாரம், கோரைப்பாயில், அவள் முன்னால் ஒரு பித்தளைச் செம்பை வைத்தார்கள். இரு கைகளையும் ஊன்றி, ஒரு முழங்காலை மடக்கி, மறு காலைப் பின்னால் நீட்டி, தலையை நிமிர்த்திச் செம்பில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து அவள் முன்னும் பின்னும் ஆடினாள். வாயிலிருந்து ஒழுகிய எச்சில் இழை பாயைத் தொட்டும் அறுபடாமல் நின்றது. பக்கத்தில் இருந்த ஒரு தமிழாசிரியை, "இதுதானே செங்கீரை" என்றார். பிள்ளைத்தமிழில் வரும் செங்கீரைப் பருவத்தைப் பள்ளியில் மனப்பாடம் செய்து தேர்வெழுதி மறந்தவள் நான். செங்கீரையை ஐந்தாம் மாதத்துக்கும், கை கொட்டும் சப்பாணியை ஒன்பதாம் மாதத்துக்கும் உரியதாகச் சொல்வது மரபு. பாட்டுடைத் தலைவனைக் குழந்தையாக்கிப் பாடிய புலவர்கள் ஏதோ ஒரு வீட்டுத் தரையில் ஒரு நிஜக் குழந்தையை இப்படித்தான் உற்றுப் பார்த்திருப்பார்கள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. ஒன்பதாம் மாதம் முடியும் முன் என் மகள் சப்பாணியும் கொட்டினாள். கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் கவலைப்பட வேண்டியதில்லை என்று அந்த அம்மா எல்லோரிடமும் சொல்வதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

பாட்டு நேரத்தில் யாருக்கும் அவர் பாட்டுச் சொல்லித் தருவதில்லை. அவரவர் வீட்டுத் தாலாட்டை அவரவர் பாட வேண்டும். ஒரு குடும்பம் உருதுவில் பாடும், ஒரு குடும்பம் சௌராஷ்டிரத்தில். பொன்மலை ரயில் பணிமனையில் வேலை பார்க்கும் ஒரு தந்தை, தனக்கு ஒரு பாட்டும் தெரியாது என்று இரண்டு வாரம் ஒதுங்கியே உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வாரம் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டியபடி, "ஸ்ரீரங்கம்... லால்குடி... புள்ளம்பாடி... அரியலூர்... விருத்தாசலம்..." என்று ரயில் நிலையங்களின் பெயர்களை இழுத்து இழுத்துப் பாடினார். விழுப்புரம் வருவதற்குள் பிள்ளை தூங்கிவிட்டது. கூடத்தில் எல்லோருக்கும் கண் கலங்கியது. குழந்தைக்குப் பிடிப்பது சொல்லின் பொருளைவிடக் குரலின் ஏற்ற இறக்கமும் தட்டலின் தாளமும்தான் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

தவழத் தொடங்கிய பிள்ளைகளுக்குத் தனிக் குழு. அங்கே விளையாட்டுச் சாமான் எல்லாம் அடுப்படியிலிருந்து வருகின்றன: எவர்சில்வர் டம்ளர், மர அகப்பை, மழித்து வழவழப்பாக்கிய கொட்டாங்குச்சி, பழைய பருத்திச் சேலைத் துண்டு. பிள்ளையின் வாய்க்குள் முழுதாகப் போகக்கூடிய எந்தப் பொருளும் தட்டில் இருக்கக் கூடாது என்பது மட்டுமே விதி. முந்தானையால் முகத்தை மூடித் திறக்கும் விளையாட்டு எட்டாம் மாதத்தில் பிள்ளைக்கு ஏன் அவ்வளவு சிரிப்பு மூட்டுகிறது என்பதையும் விளக்கினார்: கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை, எங்கோ இருக்கிறது என்பது அந்த வயதில்தான் மெல்லப் பிடிபடுகிறதாம். அதன்பிறகு நான் குளியலறைக்குள் போனதும் அவள் கதவைத் தட்டி அழுவதற்கும் காரணம் விளங்கிற்று. முன்போல எரிச்சல் வரவில்லை.

இத்தனையும் சொன்னாலும், இந்த வகுப்பில் எனக்கு எது மிகப் பிடித்தது என்று கேட்டால், கடைசி அரை மணி நேரத் தேநீர் என்பேன். பிள்ளைகளைப் பாயின் நடுவில் விட்டுவிட்டுச் சுற்றிலும் நாங்கள் உட்கார்ந்துகொள்வோம். ஒரு பிள்ளை குப்புற விழுந்தாலும், நிலைப்படி தாண்டினாலும், முதல் அடி வைத்தாலும், அந்த வீட்டு வழக்கப்படி என்ன செய்வார்களோ அதைச் செய்து கொண்டுவருவார்கள். எங்கள் வீட்டில் படி தாண்டினால் கொழுக்கட்டை. இன்னொருவர் வீட்டில் பால் பாயசம். சுடச்சுடக் கொழுக்கட்டை அவித்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பத்து வீட்டாருக்கும் பரிமாறிய அன்று, தாய்வீட்டை விட்டு வந்த பிறகு முதன்முறையாக எனக்கு ஊர் இருக்கிறது என்று தோன்றியது.

அந்தத் தேநீர் வேளையில் அந்த அம்மா பேச்சோடு பேச்சாக ஒவ்வொருவரிடமும் தூக்கத்தையும் பசியையும் அழுகையையும் விசாரிப்பார். பிரசவத்துக்குப் பிந்தைய முதல் நாட்களில் காரணமின்றி அழுகை வருவது பலருக்கும் இயல்பு என்றும், அது இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, பிள்ளை தூங்கியும் தாய்க்குத் தூக்கம் பிடிக்காவிட்டாலோ மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்றும் ஒளிவுமறைவில்லாமல் சொல்வார். எங்கள் குழுவில் ஒருவருக்கு அது உதவியது. அவர் அனுமதியோடுதான் இந்த ஒரு வரியை எழுதுகிறேன்.

மாதம் ஒருமுறை எல்லோரும் சேர்ந்து வெளியே போவதுண்டு. முக்கொம்புக்கு ஒருமுறை போனோம். ஆனால் கைக்குழந்தைக்கு ஏற்றது, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஸ்ரீரங்கத்தை அடுத்து, சுமார் 25 ஏக்கரில் இருக்கும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காதான் என்பது என் கருத்து. மழைக்குப் பிந்தைய மாதத்தில், வெயில் ஏறும் முன் போனால், செடிகளின் மேல் மெதுவாக எழுந்து இறங்கும் இறக்கைகளைப் பிள்ளையின் கண்கள் தொடர்வதைப் பார்க்கலாம். பிள்ளையை முன்னால் துணியில் கட்டிக்கொண்டு போவது சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதைவிட எனக்கு எளிதாக இருந்தது.

குறைகளும் உண்டு. புதன்கிழமை காலை பத்தரை மணி என்பது வேலைக்குப் போகும் யாருக்கும் ஒத்துவராத நேரம். தந்தையரைச் சனிக்கிழமையில் மட்டுமே காண முடிகிறது. வாசலில் மூன்று உயரமான படிகள் இருக்கின்றன, சரிவுப் பாதை இல்லை. அறுவைப் பிரசவம் ஆன தாய் பிள்ளையோடும் பையோடும் ஏறுவது சிரமம். மாதக் கட்டணம் 1,600 ரூபாய். தடுப்பூசிக் காய்ச்சலால் வர முடியாத நாளுக்கு ஈடு கிடையாது. முதல் ஆண்டில் எத்தனை தடுப்பூசிகள் என்பதை அறிந்த ஒருவர் இந்த விதியை மாற்றிக்கொள்ளலாம் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். மே மாதத்தில் கூடத்தின் ஒற்றை மின்விசிறி போதவே போதாது.

கூட்டுக் குடும்பத்தில், பிள்ளையைக் கைமாற்றிக் கொள்ள ஆள் இருக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கு இது கட்டாயம் தேவை என்று சொல்ல மாட்டேன். எண்ணெயும் தாலாட்டும் அகப்பையும் அங்கேயே கிடைத்துவிடும். வேலை நிமித்தம் ஊர்விட்டு ஊர் வந்து, கணவனும் மனைவியுமாகத் தனியே பிள்ளை வளர்ப்பவர்கள் ஐந்தாம் மாதம் வரை காத்திருக்காமல், மூன்றாம் மாதத்திலேயே வந்து சேர்ந்துவிட வேண்டும்.

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய பின் நான் சனிக்கிழமைகளில் மட்டும் போகிறேன். புதன்கிழமை பத்தரை மணிக்கு அலுவலகத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மகளுக்கு அடுத்த மாதம் ஆண்டு நிறைவு. வகுப்பின் வயது வரம்பும் அத்தோடு முடிகிறது. அந்தப் பத்துக் குடும்பங்களுக்கும் முதல் பத்திரிகையை வைத்தாயிற்று. ரயில் நிலையத் தாலாட்டுப் பாடியவரை அன்று பாடியே ஆக வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். புதிதாகச் சேர வருவோர் தடுப்பூசி அட்டையையும், பிள்ளைக்கு நன்கு பழகிய வீட்டு வாசம் உள்ள ஒரு சேலையையும் எடுத்துச் செல்லுங்கள். முதல் நாளே அவர் கேட்பது அவ்விரண்டையும்தான்.