வேகத்தைக் குறைத்த பிறகே நம்பிக்கைக்குரியதான டிஸ்க் கேசிங்: லினக்ஸில் மூன்று மாதப் பயன்பாடு

பழைய மடிக்கணினிகளிலிருந்து கழற்றிய 2.5 அங்குல சாட்டா (கணினிக்குள் வட்டை இணைக்கும் முறை) வட்டுகளை வெளிச்சேமிப்பாகப் பயன்படுத்துவதற்காக, ஒரே தயாரிப்பைச் சேர்ந்த யூஎஸ்பி 3.0 கேசிங்குகள் (வட்டை உள்ளே வைத்து யூஎஸ்பி வழியாக இணைக்கும் பெட்டிகள்) இரண்டை வாங்கி, மூன்று மாதங்களாக லினக்ஸ் கணினிகளில் மட்டும் இணைத்துவருகிறேன். தயாரிப்பாளரின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். நான் கண்ட குறை, சாட்டாவை யூஎஸ்பியாக மாற்றித் தரும் பிரிட்ஜ் சிப்பைச் சார்ந்தது. அதே சிப் வேறு பெயர் பொறித்த பெட்டிக்குள்ளும் இருக்கக்கூடும்.

கட்டமைப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூடி திருகின்றி வழுக்கித் திறக்கிறது, வட்டு ஆடாமல் அமர்கிறது, உடன் வரும் கேபிள் குட்டையானது. கேபிள் குட்டையாக இருப்பதை நான் குறையாகக் கருதவில்லை.

முதல் வாரத்திலேயே சிக்கல் தொடங்கியது. எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி ஏறத்தாழ 200 ஜிபி கோப்புகளை நகலெடுத்துக்கொண்டிருந்தபோது, கேசிங்கின் விளக்கு அணையாமல் அப்படியே நின்றுவிட, நகலெடுப்பும் உறைந்துபோனது. சுமார் அரை நிமிடம் கழித்து, டிமெஸ்ஜி கட்டளை காட்டும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பதிவில், யூஏஎஸ் (வட்டுடன் பேசும் புதிய, வேகமான யூஎஸ்பி முறை) டிரைவர் கட்டளைகளைக் கைவிடுவதாகவும் சாதனத்தை ரீசெட் செய்வதாகவும் வரிகள் வந்து குவிந்தன. அந்த அரை நிமிடம் தற்செயலானது அன்று; வட்டுக்கு அனுப்பிய ஒரு கட்டளைக்குப் பதில் வருவதற்காகக் கெர்னல் இயல்பாகக் காத்திருக்கும் நேரம் 30 விநாடிகள். ரீசெட்டும் பலிக்காமல் இணைப்பு அறுந்து மீண்டும் வந்தபோது, லினக்ஸ் எஸ்டிபி என்று பெயரிட்டிருந்த வட்டு எஸ்டிசி என்ற பெயரில் தோன்றியது. பழைய மவுன்ட் (வட்டைக் கணினியின் கோப்பகத்தில் இணைத்த நிலை) பிடியை விடாததால் பழைய பெயர் விடுபடவில்லை. அதிலிருந்த இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையோ எழுத இயலாத நிலைக்குப் போய்விட்டது.

இத்தகைய தருணத்தில் வட்டுதான் செத்துவிட்டது என்று முடிவுகட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இந்தக் கேசிங், வட்டு தன் நலத்தைப் பற்றித் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் தகவல்களைத் தடையின்றிக் கடத்துகிறது என்பது இங்கே பெரும் உதவியாக அமைந்தது. ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் சாதன வகையை சாட் என்று குறித்தால் முழு அட்டவணையும் கிடைக்கிறது. அதில் இரண்டு எண்களைப் பார்த்தேன். 197ஆம் வரிசை, படிக்க முடியாமல் நிலுவையில் இருக்கும் செக்டர்களின், அதாவது வட்டின் சிறு சேமிப்புக் கூறுகளின், எண்ணிக்கை. அது பூஜ்யமாக இருந்தது. 199ஆம் வரிசை, சாட்டா இணைப்பில் தரவு சிதைந்த தடவைகளின் எண்ணிக்கை. இதை யூஎஸ்பி கேபிளின் தரத்தைக் காட்டும் எண் என்று பலர் தவறாகக் கொள்கிறார்கள்; வட்டுக்கும் பிரிட்ஜ் சிப்புக்கும் இடையிலான இணைப்பை மட்டுமே அது குறிக்கும். இந்த எண்ணும் மூன்று முறை நகலெடுப்பு முறிந்த பின்னரும் ஏறவில்லை. ஆகவே வட்டும் அதன் சாட்டா இணைப்பும் சந்தேகத்திலிருந்து நீங்கின.

அடுத்துக் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. மின்சாரப் பற்றாக்குறையா என்பதை அறிய, தனி அடாப்டருள்ள ஹப் வழியாக இணைத்தபோதும் அதே முறிவு ஏற்பட்டது. சுழலும் வட்டு ஒன்றைப் பொருத்தி யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகியபோது மட்டும் மின்சாரக் குறை உண்மையாகவே தலைகாட்டியது. அந்தப் போர்ட் முறைப்படி தரக்கூடியது 500 மில்லிஆம்பியர், 3.0 போர்ட்டுக்கு அது 900. வட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் முந்தைய அளவு போதாமல் டிக் டிக் என்ற ஒலியுடன் நின்றுவிட, கெர்னல் பதிவில் நெறிமுறைப் பிழையைக் குறிக்கும் -71, நேரம் கடந்ததைக் குறிக்கும் -110 ஆகிய எண்கள் வந்தன. முதலில் கண்ட சிக்கலில் இவ்விரு எண்களும் இல்லை என்பதே, அது வேறு நோய் என்பதற்குச் சான்று.

எஞ்சியது யூஏஎஸ். யூஎஸ்பி சேமிப்பகங்கள் நெடுங்காலமாகப் பேசிவரும் பழைய முறையில், 31 பைட் கொண்ட ஒரு கட்டளை உறை போகும், தரவு பரிமாறப்படும், 13 பைட் கொண்ட பதில் வரும். அதன் பின்னரே அடுத்த கட்டளை. (அம்முறையின் 1.0 பதிப்பு ஆவணம் 1999 செப்டம்பர் 31 என்று, நாட்காட்டியில் இல்லாத ஒரு தேதியைத் தாங்கியிருக்கிறது. சாதனங்கள் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன என்று சலிக்கும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வரும்.) யூஏஎஸ் முறையிலோ பல கட்டளைகளை வரிசையில் நிறுத்தி, முடிந்தவற்றின் பதிலை முன்பின்னாகவும் பெறலாம். இந்தக் கேசிங்கின் அட்டையில் பெருமையாக அச்சிடப்பட்டிருக்கும் வேகம் இதனால் வருவதுதான். வரிசை நீளும்போது பிரிட்ஜ் சிப்பின் ஃபர்ம்வேர் (உள்ளமைந்த மென்பொருள்) தடுமாறுகிறது என்பதே என் முடிவு.

அதைச் சரிபார்ப்பது எளிது. எல்எஸ்யூஎஸ்பி கட்டளை காட்டும் தயாரிப்பாளர் எண்ணையும் சாதன எண்ணையும் எடுத்து, யூஎஸ்பி-ஸ்டோரேஜ் மாட்யூலின் (கெர்னலில் ஏற்றப்படும் டிரைவர்) குவிர்க்ஸ் அமைப்பில் (குறிப்பிட்ட சாதனங்களுக்கான விதிவிலக்குப் பட்டியல்) எழுதி, இறுதியில் யூ என்ற ஆங்கிலச் சிற்றெழுத்தைச் சேர்த்தால், அந்தச் சாதனத்துக்கு மட்டும் யூஏஎஸ் தவிர்க்கப்பட்டுப் பழைய முறையே பயன்படும். தொடக்க ரேம்டிஸ்க்கிலேயே (கணினி தொடங்கும்போது நினைவகத்தில் ஏற்றப்படும் சிறு கோப்புத் தொகுப்பு) மாட்யூல் ஏற்றப்படும் கணினிகளில் அந்த ரேம்டிஸ்க்கையும் புதுப்பிக்க வேண்டும். இதை மறந்து ஒரு மாலைப்பொழுதை வீணாக்கினேன். மாற்றத்துக்குப் பின் இரண்டு கேசிங்குகளிலும் ஒருமுறைகூட நகலெடுப்பு முறியவில்லை. பெரிய கோப்புகளில் வேகம் விநாடிக்கு 420 எம்பியிலிருந்து 340க்கு இறங்கியது, இது பொறுத்துக்கொள்ளத்தக்கதே. சிறு கோப்புகளைச் சிதறலாகப் படிக்கும்போது இழப்பு இதைவிட நன்றாகவே தெரிகிறது. ஆகவே இயங்குதளத்தையே இதிலிருந்து இயக்க எண்ணுவோருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வேறு இரு குறைகளும் உண்டு. இரண்டு கேசிங்குகளும் ஒரே வரிசை எண்ணை (சீரியல் எண்) தெரிவிக்கின்றன. இரண்டையும் சேர்த்துச் செருகினால் அடையாளத்தின்படி அமையும் இணைப்புப் பெயர்கள் மோதிக்கொள்வதால், எந்த வட்டை எங்கே இணைப்பது என்று குறிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில், கோப்பு முறைமையின் தனித்துவ அடையாளமான யூயூஐடியையே எழுதியாக வேண்டும். பத்து நிமிடம் சும்மா இருந்தால் வட்டை உறங்க வைக்கும் வழக்கத்தையும் மாற்ற வழி காணவில்லை. மாறாக, செக்டர் அளவை 4096 பைட்டாக மாற்றிக் காட்டும் சில கேசிங்குகளைப் போலன்றி, இது வட்டின் 512ஐ அப்படியே தருகிறது. எனவே வட்டைக் கழற்றி நேரடியாகக் கணினிக்குள் பொருத்தினாலும் பார்ட்டிஷன்கள் சிதையாமல் தெரிகின்றன.

வாராந்தர பேக்கப்புக்கு இப்போது இவ்விரண்டையுமே நம்புகிறேன். வேறொரு கணினியில் செருக நேரும்போது தேட வேண்டியிராதபடி, தயாரிப்பாளர் எண்ணும் சாதன எண்ணும் சேர்ந்த எட்டு இலக்க அடையாளத்தையும் குவிர்க்ஸ் வரியையும் சிறு தாளில் எழுதிப் பெட்டிகளின் அடியில் ஒட்டியிருக்கிறேன்.